துணைக்கு ஓடிய ரத்தம்

இதை எழுத எனக்குத் தகுதி கிடையாது என்கிறார் என் வீட்டுக்காரர். "உன் மேல தப்ப வெச்சுக்கிட்டு அடுத்தவங்க கதைய எழுதுறியா?" என்று கேட்டார். தகுதி உள்ளவர்கள் எழுதட்டும் என்று காத்திருந்தால் அவளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளைக் கழுத்தறுத்தவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். ரத்தம் எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பது என் மேசை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட சின்ன அறை அவளுடையது. ரத்த அணுக்களை லேசர் வெளிச்சத்தில் ஆராயும் ஃப்ளோ மெஷின் அங்கேதான் இருந்தது. ஆள் குள்ளம், கொஞ்சம் பருமன். அப்பா தையல்காரர். ஐந்து பெண்களில் இவள் மூன்றாவது. லேப் படிப்பில் முதல் தடவை பெயிலாகி, "அடுத்த தடவை நானே உங்களுக்குப் பாடம் எடுக்கிறேன் பாருங்க" என்று வாத்தியாரிடமே சவால் விட்டுப் பாஸ் பண்ணியவள். வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். மதியம் ஒரு மணிக்கு அவருக்குப் போன் போட்டு, "அடுப்ப அணைச்சீங்களா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று அவள் அதட்டுவது எங்கள் எல்லோருக்கும் கேட்கும். வாய் நீளம். ஆனால் கை சுத்தம்.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று இருக்கிறது. கையில் கத்தி பட்டால் ஓடிவந்து, ஒன்றோடு ஒன்று கைகோத்து ஓட்டையை அடைப்பது அதுதான். கைகோக்க அதன் மேற்பரப்பில் ஒரு புரதம் வேண்டும். சிலருக்கு அந்தப் புரதம் பிறவியிலேயே இருக்காது. தட்டணு எண்ணிக்கையில் குறைவிருக்காது, ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளத் தெரியாது. சின்னக் காயம்கூட நிற்காமல் வடியும். அந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆன்டிபாடி உண்டு. வேறெதிலும் ஒட்டாது, அதில் மட்டும் போய் ஒட்டும். அதோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, சுண்டுவிரல் உயரப் பாட்டிலில் அனுப்புவார்கள். ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டு மெஷினில் ஓட்டினால் தட்டணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் போகும். சாயம் ஒட்டியது மின்னும். திரையில் ஒரு மேடு எழும்பும். மேடு வலப்பக்கம் நின்றால் புரதம் இருக்கிறது, இடப்பக்கமே கிடந்தால் இல்லை. அந்தப் புரதத்துக்குப் பெயர் ஒரு எண்தான். அதனால் எங்கள் வாயில் அந்தப் பாட்டில் 'நாப்பத்தொண்ணு'.

நாப்பத்தொண்ணுக்கு வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது. சாதாரணக் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் சாயம் செத்துப்போகும். செத்தது பார்வைக்குத் தெரியாது, அதே இளஞ்சிவப்புத் தண்ணீர்தான். அது உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, நோயாளியின் ரத்தத்தோடு நல்ல ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவது. அதுவும் மின்னவில்லை என்றால் கோளாறு நோயாளியிடம் இல்லை, பாட்டிலில். இதற்கு எங்கள் லேபில் 'துணை' என்று பெயர். பெயர் வைத்தவள் அவள்தான். ஒவ்வொரு தடவையும் தன் கையிலேயே குத்தி எடுத்துக்கொள்வாள். "பாவம், தனியா அனுப்பாதீங்கப்பா. துணைக்கு நானும் போறேன்" என்பாள். அப்படித்தான் எல்லோருக்கும் அவள் துணையக்கா ஆனாள்.

எங்கள் துறைத் தலைவர் ஒரு டாக்டர். கோட்டில் ஒரு மடிப்புக் கலையாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கஞ்சி. முப்பது வருஷமாகக் கையெழுத்துப் போட்டவர், குழாயைக் கையில் தொட்டது குறைவு. கெட்ட மனுஷன் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் மாட்டிக்கொண்ட இடத்தில் கொஞ்சம் கற்றுக்கொண்டிருப்பார். இவருக்குத் தான் தப்புச் செய்யக்கூடும் என்ற நினைப்பே கிடையாது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, என் கருவியைச் சூடேற்ற நான் முதல் ஆளாக வந்திருந்தேன். கஞ்சி எனக்கும் முன்னால் வந்து ஃப்ரீசரைத் திறந்துகொண்டு நின்றார். கையில் நாப்பத்தொண்ணு. கல்லாய் உறைந்திருந்தது. "ரெண்டு நாள் லீவு. கீழ்ப்பெட்டி சரியா குளிரல. அதான் பத்திரமா மேல வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி இளக்கினார். பிறகு குளிர்ப்பெட்டியில் வைத்தார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. என் மேசையில் நாங்கள் எல்லாவற்றையும் உறைய வைப்போம், உருக்குவோம், மறுபடி உறைய வைப்போம். பத்து மணிக்கு அவள் பாட்டிலை எடுத்தபோது, "லேபிள் என்ன இப்படி ஊறிக் கெடக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது என் காதில் விழுந்தது.

அன்றைக்கு ஒரு பெண் குழந்தை, நான்கு வயது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது என்று அம்மா தூக்கி வந்திருந்தாள். பாட்டிலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆளுக்கு. புதிய பாட்டில் வர ஆறு வாரம் ஆகும்.

"துணை இல்லாம ஓட்ட மாட்டேன் டாக்டர். அடுத்த பாட்டில் வரட்டும்" என்றாள் அவள்.

"ஒன்பது வருஷம் நல்லா வந்த மருந்து இன்னைக்குக் கெட்டுப்போயிடுமா? அவங்க சாயந்திரம் வண்டி ஏறணும். ஓட்டும்மா" என்றார் அவர்.

ஓட்டினாள். மேடு இடப்பக்கமே கிடந்தது. "இத நம்ப முடியாது டாக்டர், அப்படியே எழுதிக் குடுங்க" என்றாள். அவர் எழுதவில்லை. பிறவிக் கோளாறு, தீராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்து அந்தக் குழந்தையின் அப்பா எங்கள் தாழ்வாரத்தில் வந்து நின்று கத்தினார். எட்டு மாதம் குழந்தையை ஓடவிடவில்லை, பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, கட்டிலின் விளிம்பு முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்தார்களாம். உன் வம்சத்து ரத்தம் என் வம்சத்து ரத்தம் என்று இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்றாம். வேறு ஆஸ்பத்திரியில் பார்த்தால் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. மூக்குக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாய் பலவீனம், அவ்வளவுதான். அந்த மனுஷர் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். அவள் நேராகச் சொன்னாள்: "பாட்டில் உறைஞ்சிருக்கு. லேபிள் ஊறியிருந்தது. யாரோ ஃப்ரீசர்ல வெச்சிருக்காங்க." கஞ்சி சிரித்தார். "உறைஞ்சா என்ன? குளிர்ல இருந்தா நல்லதுதானே. இவ மேசை மேல மறந்து வெச்சிருப்பா, வெளிச்சம் பட்டிருக்கும்" என்றார். அதற்கு முந்தின நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். நான் அப்போது தற்காலிக ஊழியர். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசையில் கிடந்தது. "நீ பாத்திருப்பே, நல்லா யோசிச்சுப் பாரு. லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் பாட்டில் மேசை மேலதானே இருந்துச்சு?" என்று கேட்டார். அந்தக் காகிதத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன். பாட்டில் அந்த மதியம் மேசை மேல் இருந்ததைப் பார்த்தேன், ஃப்ரீசரில் யாரும் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை என்று. இரண்டும் பொய். அதை அவள் முன்னாலேயே வாசித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.  

அவள் கோப்பில் ஒரு வரி ஏறியது: 'பணியாளரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது.' மெஷின் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ரத்தம் எடுப்பது, குழாயில் சீட்டு ஒட்டுவது, வெளியிலிருந்து வரும் பார்சல்களைப் பதிந்து வாங்குவது. பதினோரு வருஷம். அவளைவிடச் சின்னவர்கள் எல்லாம் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் பெயர் வரும்போது அந்த வரி குறுக்கே வந்து நின்றது.

மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. நான் போய் ஒரு நாள், "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன். "இருக்கட்டும், இருக்கட்டும். அதுக்கெல்லாம் நேரம் வரும்" என்றாள். கண்ணில் துளி ஈரம் இல்லை. இன்னொரு நாள் தேநீர் குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எனக்குச் சம்பளம் ஏற வேண்டாம், பதவி வேண்டாம். அந்த வரிய எழுதுன கையே அதை அடிக்கணும். அதப் பாக்காம நான் ஓய மாட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பார்சல் வாங்கும் வேலைதான் அவளுக்கு வழி காட்டியது. நாப்பத்தொண்ணு பாட்டில் வரும்போதெல்லாம் யாரையும் கேட்காமல் தானே மாடியேறிப் போய்க் குளிர்ப்பெட்டியில் சரியான தட்டில் வைத்துவிட்டு வருவாள். பதினோரு வருஷமும் அந்தப் பாட்டில்களைக் காப்பாற்றியது, தண்டனை வாங்கிய அவள்தான். கஞ்சிக்கு அது தெரியாது. தன் லேபில் எல்லாம் தானாகவே சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் கஞ்சிக்கு ஓய்வு வயது வந்தது. இரண்டு வருஷ நீட்டிப்புக் கேட்டிருந்தார். அதே சமயம் தரச் சான்றிதழ் தரும் தணிக்கைக்காரர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை புதிய நாப்பத்தொண்ணு வந்தது. அப்போது மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்றைக்கு விடுப்பு. இந்தத் தடவை அவள் பாட்டிலைத் தானாக எடுத்துப் போய் வைக்கவில்லை. பார்சலையும் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு நேராகக் கஞ்சியின் அறைக்குப் போனாள். நான் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன்.

"டாக்டர், இத எங்க வைக்கணும்?" என்றாள், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

"இதுகூடத் தெரியாதா? ரெண்டு நாள் லீவு வருது. ஃப்ரீசர்ல வை."

"தணிக்கைக்காரங்க கேப்பாங்க டாக்டர். எங்க வெச்சோம்னு இந்தக் கட்டத்துல நீங்களே எழுதிடுங்க. எனக்கு வேற கெட்ட பேரு இருக்கு பாருங்க."

அவர் எழுதினார். 'ஃப்ரீசர்.' கீழே கையெழுத்து, தேதி, நேரம். அவள் பதிவேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். வெளியே வரும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் என் மேசைக்கு வந்தாள். நீட்டிப்புக்கு உடல் தகுதிச் சான்று வேண்டுமே, கஞ்சி கீழே கவுண்டரில் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எடுத்தவள் அவளேதான். உறையும் நேரம் பார்க்க நீலமூடிக் குழாய் ஒன்று என்னிடம் வர வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இது அவர் ரத்தம். நீ மெஷின்ல சுத்தவிட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு துளி வேணும். துணைக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, மேல ஒரு நிஜமான நோயாளி இருக்காங்களே" என்றேன். அன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பரிசோதனை இருந்தது.

"அதனாலதான் துணை. அந்த டீச்சருக்கு ஒரு ஆபத்தும் வராம நான் பாத்துக்கறேன். நீ குடுப்பியா, மாட்டியா? இந்தத் தடவையும் ஏதாவது காகிதத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கியா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கொடுத்தேன். ஒரு சின்னக் குழாயில் அரை மில்லி ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதன் மேல் பெயர் இல்லாமல், எண்ணும் வயசும் மட்டும் உள்ள சீட்டை ஒட்டினாள். தன் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக 'துணை' என்று எழுதி, பக்கத்தில் கஞ்சியின் பெயரையும் பதவியையும் முழுசாக எழுதினாள். "நான் ஒண்ணும் திருட்டு வேலை செய்யல. எழுதி வெச்சுத்தான் செய்யுறேன்" என்று சொல்லிவிட்டு, ஆசிரியையின் குழாயோடு அதையும் மெஷின் அறைத் தட்டில் வைத்தாள்.

கஞ்சி அன்றைக்குத் தன் கையாலேயே பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, அதே மாதிரி உள்ளங்கையில் உருட்டி இளக்கி, மெஷின்காரரிடம் கொடுத்தார். பதினொன்றரைக்குத் தணிக்கைக்காரர்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். நடுவில் வந்த அம்மாள் நரைத்த கூந்தல், மூக்குக்கண்ணாடி, பேச்சு குறைவு. கூடவே எங்கள் நிர்வாக அதிகாரி. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேசையிலிருந்து எல்லாம் தெரிந்தது, கதவு திறந்திருந்ததால் கேட்கவும் செய்தது.

முதல் குழாய் ஓடியது. மேடு இடப்பக்கம். இரண்டாவது ஓடியது. அதுவும் இடப்பக்கம். மெஷின்காரர் முகம் மாறியது. "டாக்டர், ஒரே நாள்ல ரெண்டு பேரா? துணை ஓட்டிப் பாத்துடலாமே" என்றார் மெதுவாக.

"புது பாட்டில்பா. அதுக்கு எதுக்குத் துணை?" என்று சொல்லிவிட்டு, தணிக்கை அம்மாள் பக்கம் திரும்பினார் கஞ்சி. உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. "ரொம்ப அபூர்வமான கோளாறு மேடம். எங்களுக்கு ஒரே நாள்ல ரெண்டு கேஸ். இந்த ரெண்டாவது ஆளப் பாருங்க, புரதம் சுத்தமா இல்ல. ஒரு ஊசி குத்தினாக்கூட ரத்தம் நிக்காது. ஆபரேஷனெல்லாம் நெனச்சே பாக்க முடியாது." இரண்டு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தார். "இதுல வயசு அறுபதுன்னு போட்டிருக்கே. அறுபது வயசு வரைக்கும் யாருமே கண்டுபிடிக்கலையா?"

"ஜாக்கிரதையா வாழ்ந்திருப்பார் மேடம்" என்றார் கஞ்சி.

அப்போதுதான் துணையக்கா உள்ளே போனாள். மாடிப்படியில் அரை மணி நேரமாக நின்றிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. பதிவேடு கையில். நேராகக் கஞ்சியின் முன்னால் போய் நின்றாள்.

"காலைல நான் குத்தின இடம் காஞ்சிடுச்சா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. தன் முழங்கை மடிப்பைப் பார்த்தார். அதில் பஞ்சுகூட இல்லை, எப்போதோ உதிர்ந்துவிட்டது.

"அந்த ரெண்டாவது ரத்தம் உங்களுது. துணைக்கு அனுப்பினேன்."

 கஞ்சியின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பதிவேட்டைத் திறந்து தணிக்கை அம்மாள் முன்னால் வைத்தாள். துணை என்ற வரி, அதற்கு மேலே வெள்ளிக்கிழமை வரி, 'ஃப்ரீசர்', கையெழுத்து. பிறகு கோட்டுப் பையிலிருந்து பாட்டில் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பெட்டியில் அச்சடித்திருந்ததைச் சத்தமாக வாசித்தார்: "உறைய விடக் கூடாது."

"இது... இது என்னை அவமானப்படுத்தத் திட்டம் போட்டுச் செஞ்சது" என்று கஞ்சி தடுமாறினார்.

"ஆமா டாக்டர். திட்டம் போட்டுத்தான் செஞ்சேன்" என்றாள் அவள். "நீங்க திட்டம் போடாமலே எனக்குப் பதினோரு வருஷம் செஞ்சீங்க."

ஆசிரியையின் அறிக்கை அங்கேயே கிழிக்கப்பட்டது. மறுநாள் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து கடன் வாங்கிய பாட்டிலில் ஓட்டினார்கள். மேடு வலப்பக்கம் ஜம்மென்று எழும்பியது. குறித்த தேதியில் ஆசிரியைக்கு ஆபரேஷன் நடந்தது. கஞ்சிக்கு நீட்டிப்புப் போனது. அவள் அதோடு விடவில்லை. பழைய கோப்பைத் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பத்து நாளில் மறு விசாரணை வைத்தார்கள்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், தாழ்வாரத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்காவது பாத்தத சொல்லுவியா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசர், உள்ளங்கை, உருட்டியது, என் காகிதம், அதன் மேல் இருந்த அவர் கை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. கஞ்சி எதிர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிர்வாக அதிகாரி பழைய கோப்பை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். அந்த வரியை அவரே தன் பேனாவால் அடித்து, மேலே எழுதினார்: 'பிழை என்னுடையது.' எழுத்து சிறுத்துக் கிறுக்கலாக விழுந்தது. அவள் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். "நல்லா தெரியற மாதிரி எழுதுங்க டாக்டர்" என்றாள். அவர் மறுபடி எழுதினார்.

எனக்கு நெஞ்சு லேசானது. முடிந்தது என்று நினைத்தேன். அவளைப் போய்க் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கம் கெட்டவள்.

நிர்வாக அதிகாரி நல்ல மனுஷர், பிரச்சினையை வளர்க்க விரும்பாதவர். அவளைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க அன்னைக்குப் பொய் சாட்சி சொன்னது தப்புதான். ஆனா இன்னைக்குத் தைரியமா உண்மையச் சொல்லிட்டாங்க. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம்தான். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, இவங்க பேர இதுல சேர்க்காம முடிச்சிடலாம். உங்க விருப்பம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

"எழுதுங்க சார்" என்றாள். "இல்ல, நீங்க வேண்டாம். அவளே எழுதட்டும். நான் சொல்றேன்."

பேனாவை என் கையில் கொடுத்தார்கள். என் கோப்பைத் திறந்து வைத்தார்கள். அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் எழுதினேன்: 'கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும், பார்க்காததைப் பார்த்தேன் என்றும் என் நலனுக்காகக் கையெழுத்திட்டேன்.' கீழே என் கையெழுத்து.

ஒரு வாரத்தில் எங்கள் இடங்கள் மாறின. மெஷின் அறைச் சாவி அவள் கைக்குப் போனது. என் மேசைக்கு வேறு ஆள் வந்தார். நான் கீழ்த்தளக் கவுண்டருக்கு வந்தேன். எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இனிமேல் பொய்யே சொல்லப் போவதில்லை. பயங்கரக் கோபம். ஒரு மத்தியானம் குழாய்த் தட்டைக் கொடுக்க மாடிக்குப் போனபோது கேட்டே விட்டேன்.

"உண்மையச் சொன்னேனே அக்கா. ரத்தம் குடுத்தேனே. அதுக்காகவாவது விட்டிருக்கக் கூடாதா?"

"நான் கேட்டதுக்கு அப்புறம்தான் குடுத்தே. நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னே" என்றாள், குழாய்களில் எண்களைச் சரிபார்த்துக்கொண்டே. "பதினோரு வருஷம் நான் கேக்கலையே, அப்ப எங்க போச்சு உன் உண்மை?"

 "அந்தக் கொழந்தைக்காகச் செஞ்சிருந்தீங்கன்னா நான் தாங்கிப்பேன் அக்கா" என்றேன். "அதுக்காகத்தானே?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கொழந்தைக்காகன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும்தான். ஆனா இல்ல. எனக்காகத்தான் செஞ்சேன்" என்றாள். தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதுல சீட்டு கோணலா இருக்கு. மாத்தி ஒட்டிக் கொண்டா."

நான் குழாயை வாங்கிக்கொண்டு கீழே போய்ப் புதுச் சீட்டு எழுதினேன்.